நகையை அடகு வைத்துத் தபால் அனுப்ப வேண்டாம், சகோதரி

சாயல்குடிக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் 7 பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவரும் கணவரும் சேர்ந்து பனைப்பொருள் கடை நடத்துகிறார்கள். கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, பனங்கற்கண்டு, ஓலைப் பெட்டி ஆகியவை அங்கே கிடைக்கும். ராமேஸ்வரத்தில் தரிசனம் முடித்துத் திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று போகும் வேன்கள் கடை வாசலில் நிற்பதுண்டு. சரக்கு வாங்குகிறவர்களிடம் ஒரு நோட்டை நீட்டி, “முகவரி எழுதிவிட்டுப் போங்கள்” என்று கேட்பது மாமியார் தொடங்கிவைத்த வழக்கம். கடந்த 6 ஆண்டுகளில் 7 நோட்டுகள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் சுமார் 4,800 முகவரிகள். அவர்களில் 400 பேர் வரை ஊருக்குப் போனபின் போன் செய்து கூரியரில் சரக்கு வரவழைத்திருக்கிறார்கள்.

இந்தப் பொங்கலுக்கு முன் எல்லோருக்கும் 12 பக்க வண்ணப் புத்தகம் ஒன்றைத் தபாலில் அனுப்பத் திட்டம். 10,000 பிரதியாக அடித்தால் மலிவு என்று சிவகாசியில் சொன்னார்களாம். அதனால் மீதி 5,200 முகவரிகளை ஒரு தரகரிடம் முகவரிக்கு 1 ரூபாய் 50 காசு கொடுத்து வாங்க எண்ணியிருக்கிறார்கள். மொத்தச் செலவு 1,87,800 ரூபாய். அதற்கு நகைக்கடன். “தபால் செலவைக் குறைக்க என்ன வழி? ஆளுக்கொன்று சொல்கிறார்கள், யார் சொல்வது சரி?” என்பது அவருடைய கேள்வி. மாதிரிப் புத்தகத்தையும், நோட்டிலிருந்து 4 பக்க நகலையும் கடிதத்தோடு வைத்திருந்தார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் கணக்கைப் பார்க்க. மறுபடியும், அந்த நோட்டுகளுக்காக. வழியில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் நின்றவர், தன் கைப்பட முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்றால் அவருக்கு உங்கள் சரக்கின் மேலும் உங்கள் மாமியாரின் பேச்சின் மேலும் பிடிப்பு ஏற்பட்டிருக்கிறது. அச்சகங்களிலும் தபால் விளம்பர வேலையிலும் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி ஒரு பட்டியல் கிடைக்கப் பெரிய கடைகள் எவ்வளவோ செலவழிக்கின்றன. அது கையில் இருக்கும்போது, முகம் தெரியாத 5,200 பேரின் முகவரியை விலைக்கு வாங்க நினைத்தீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

அச்சுக்கு 60,000, உறைக்கும் முகவரிச் சீட்டுக்கும் 20,000, தபாலுக்கு 1,00,000, முகவரி வாங்க 7,800 என்று நான்கு வரியில் கணக்கை எழுதி, இதில் எதைக் குறைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாவதாக ஒரு வரி அதில் இல்லை. ஒரு ஆர்டர் சராசரியாக 600 ரூபாய் என்றும், சரக்கு, அட்டைப்பெட்டி, கூரியர் போக 150 ரூபாய் கையில் நிற்கும் என்றும் நீங்களே வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1,87,800-ஐ 150-ஆல் வகுத்துப் பாருங்கள். 1,252 வரும். அத்தனை ஆர்டர் வந்தால் போட்ட முதல் திரும்பும். கடனுக்கான வட்டி தனி. ஆறு ஆண்டுகளில் போன் செய்து வாங்கியவர்களே 400 பேர்தான். அதைப்போல மூன்று மடங்கு ஆட்கள் ஒரே பொங்கலுக்குக் கேட்டு எழுதுவார்கள் என்று நம்பி நகையை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அச்சகத்தில் நாள் முழுக்கப் பேரம் பேசிப் பிரதிக்கு 50 காசு குறைத்தால் உங்களுக்கு 5,000 ரூபாய் மிச்சம். போய்ச் சேராத ஒரு முகவரியைப் பட்டியலிலிருந்து அடித்தால் அந்த ஒரு கோட்டில் 18 ரூபாய்க்கு மேல் மிச்சம். அதனால் அச்சகத்துக்கும் தபால் நிலையத்துக்கும் போகும் முன் நோட்டைத் திறக்கலாம்.

நோட்டில் இருக்கிறது பெரிய மிச்சம்

நீங்கள் அனுப்பிய 4 பக்கங்களில் 60 முகவரிகள் இருந்தன. பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 7 முகவரிகளில் கதவு எண்ணும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. ஒருவர் “ரயில்வே கேட் பக்கம், மதுரை” என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தபால்காரர் என்ன செய்வார்? 5 முகவரிகள் இரண்டாம் முறை எழுதப்பட்டவை. ஒரு வருடம் கணவர் பெயரில், மறு வருடம் மனைவி பெயரில், அதே கதவு எண். இன்னும் 14 முகவரிகளில் பின்கோடு இல்லை. ஆனால் தெருவும் ஊரும் தெளிவாக இருப்பதால் தேடிப் போட்டுவிடலாம்.

ஆக, 60-க்கு 12 கழிகிறது. ஐந்தில் ஒன்று. மற்ற பக்கங்களும் இதே போல இருந்தால் 4,800-இல் 960 உறைகள் வீண். உங்கள் கணக்குப்படி அதன் விலை ஏறக்குறைய 18,000 ரூபாய். ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு சிவப்புப் பேனாவால் இதைக் காப்பாற்றலாம்.

அடுத்து, மிஞ்சிய பெயர்களைப் பிரியுங்கள். ஊருக்குப் போனபின் போன் செய்து வாங்கியவர்களுக்குச் சிவப்பு வட்டம். கடைசி 2 ஆண்டுகளில் எழுதியவர்களுக்கு ஒரு டிக். மற்றவர்களை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். வாடகை வீடு மாறியவர், காலமானவர், மகன் வீட்டுக்குப் போய்விட்டவர் என்று பழைய நோட்டில் முகவரி நாளுக்கு நாள் தேயும். இதைக் கணினியில் ஏற்றும்போது பெயர், முகவரி, பின்கோடு, போன் எண் இவற்றோடு என்ன வாங்கினார், எந்த மாதம் வாங்கினார் என்று இரண்டு கட்டம் கூடுதலாக வையுங்கள். இருமலுக்குப் பனங்கற்கண்டு வாங்கிப் போனவருக்கும், கல்யாணத் தாம்பூலத்துக்கு ஓலைப் பெட்டி கேட்டவருக்கும் ஒரே கடிதம் போக வேண்டியதில்லை.

பின்கோடு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஆறு எண்ணில் முதல் மூன்றைப் பார்த்துத்தான் எந்த மாவட்டப் பையில் போட வேண்டும் என்று பிரிக்கிறார்கள். நம் ராமநாதபுரம் 623, மதுரை 625, கோயம்புத்தூர் 641, சென்னை 600. மதுரைக்காரருக்கு 623 என்று எழுதினால் உறை இங்கேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். அனுப்பும்போதும் முதல் மூன்று எண் வாரியாகக் கட்டி, மேலே ஒரு சீட்டு வைத்துக் கொடுங்கள். கட்டணம் குறையாது. ஆனால் தபால் நிலையத்தில் இருப்பவருக்கு வேலை குறையும், உங்கள் கட்டு நிற்காமல் நகரும்.

விலைக்கு வாங்கும் பட்டியலைப் பற்றி நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அந்த 5,200 பேரும் உங்கள் கருப்பட்டியைப் பார்த்ததில்லை. தரகருக்கு அந்த முகவரிகள் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்குத் தெரியாது. ஒருவருடைய சொந்த விவரத்தை அவர் சம்மதத்தோடு, அவரிடம் சொன்ன காரணத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. உங்கள் நோட்டுக்கும் அந்த மரியாதை வேண்டும். இனி புது நோட்டின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் “புதுச் சரக்கு வரும்போது தெரிவிப்பதற்காக” என்று எழுதிவையுங்கள். அனுப்பும் கடிதத்தின் கடைசியில் “இனி கடிதம் வேண்டாமென்றால் இந்த எண்ணில் சொல்லுங்கள்” என்று ஒரு வரி இருக்கட்டும். வேண்டாம் என்கிறவர் உங்களுக்கு அடுத்த தபால் செலவை மிச்சப்படுத்துகிறார்.

உறையின் எடை

உங்கள் மாதிரியை எடை போட்டேன். உறையோடு 32 கிராம். கடிதத்துக்குக் கட்டணம் முதல் 20 கிராமுக்கு 5 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும், அல்லது அதில் ஒரு பகுதிக்கும், இன்னொரு 5 ரூபாய். அதனால்தான் உங்களுக்கு 10 ரூபாய் ஆகிறது. அந்த 12 கிராமுக்காக நீங்கள் கொடுக்க இருந்தது 50,000 ரூபாய்.

எடையை அச்சகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தாளின் தடிமனை ‘ஜிஎஸ்எம்’ என்று சொல்வார்களே, அது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. எனவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். நீங்கள் தேர்ந்தெடுத்த 130 ஜிஎஸ்எம் வழுவழுப்புத் தாள் 8 கிராமுக்குச் சற்று மேல். உங்கள் 12 பக்கப் புத்தகத்துக்கு அப்படி 3 தாள் வேண்டும்; அதுவே 24 கிராமைத் தாண்டுகிறது. புத்தகம் முழுதாக நுழைய வேண்டும் என்பதற்காகப் பெரிய உறை வேறு.

இதற்குப் பதிலாக இரண்டே தாள் போதும். ஒன்றில் நீங்கள் வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம். மற்றதில் விலைப்பட்டியலும் ஆர்டர் செய்யும் முறையும். இரண்டும் 80 ஜிஎஸ்எம், மூன்றாக மடித்தால் நீளவாட்டு உறைக்குள் அடங்கும். தாள் 10 கிராம், உறை சுமார் 5 கிராம். நீங்கள் மாதிரியோடு வைத்திருந்த குருத்தோலைக் கீற்றையும் தனியாக எடை போட்டேன்; 1 கிராம். அதைக் கட்டாயம் வையுங்கள். உறையைப் பிரித்தவுடன் என் மேசையில் விழுந்தது அதுதான். வெள்ளை ஓலையில் உங்கள் கடைப் பெயர் லேசாகச் சாய்ந்து பதிந்திருந்தது, கையில் எடுத்தபோது ஓலை மணம் இருந்தது. 12 பக்க வண்ணப் படத்தில் நான் திரும்பிப் பார்த்த பக்கம் ஒன்றுகூட இல்லை, ஓலையை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன். பனங்கற்கண்டு ஒரு துண்டு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எடையும் ஏறும், வழியில் நொறுங்கும், ஈரம் பட்டால் கசிந்து அடுத்தவர் கடிதத்தையும் கெடுக்கும்.

வண்ணத்தையும் விட்டுவிடலாம். கருப்பட்டி பழுப்பு, ஓலைப் பெட்டி பழுப்பு. பழுப்பு மை ஒன்றிலேயே அடித்தால் பார்க்கவும் பொருத்தமாக இருக்கும். ஒற்றை நிறத்தில் 1,000 பிரதி அடித்தால் இரண்டு தாளுக்கும் சேர்த்து 3 ரூபாய்க்குள் முடியும் என்பது என் மதிப்பீடு. ராமநாதபுரம், பரமக்குடி அச்சகங்களில் இரண்டு மூன்று இடம் கேட்டுவிடுங்கள். கடிதத் தாளில் விலை எதுவும் இருக்க வேண்டாம். விலை மாறினால் விலைப்பட்டியலை மட்டும் மறுபடி அடித்துக்கொள்ளலாம், கடிதம் அடுத்த முறைக்கும் உதவும்.

நம் கரைக்கு மட்டுமே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாம்பன் பக்கம் ஒரு கருவாட்டு வியாபாரி, புரட்டாசியில் உறையை எடை போட்டார். 19 கிராமும் அரையும். சரியாக இருக்கிறது என்று கட்டி வைத்தார். ஐப்பசி மழையில் கடல் காற்று பட்டு மூன்று வாரம் கிடந்தபின் அனுப்பினார். தாள் ஈரத்தைக் குடித்து, பல உறைகள் 20 கிராமைத் தாண்டிவிட்டன. ஒட்டிய ஸ்டாம்பு போதாமல் போனால், குறைந்த தொகையைப் போல இரு மடங்கைப் பெறுகிறவரிடம் வசூலிப்பது தபால் விதி. வீட்டு வாசலில் 10 ரூபாய் கேட்டபோது வாடிக்கையாளர்களுக்கு வந்தது எரிச்சல்தான். பலர் வாங்க மறுத்துத் திருப்பினார்கள். ஆகவே 20-ஐ ஒட்டி நிற்காதீர்கள், 17-ஐத் தாண்ட விடாதீர்கள். உங்கள் ஊர் நகைக்கடைத் தராசில் ஒரு முழு உறையை, பசையும் ஸ்டாம்பும் சேர்த்து, எடை போட்டுப் பாருங்கள்.

நால்வர் சொன்ன நான்கு யோசனைகள்

உங்கள் கணவர், 10,000 உறை போட்டால் தபால் நிலையத்தில் தள்ளுபடி கிடைக்கும் என்கிறார். ஸ்டாம்பு ஒட்டிப் போடும் சாதாரணக் கடிதத்துக்கு எண்ணிக்கை கூடினால் விலை குறையும் என்ற ஏற்பாடு இல்லை. ஸ்பீடு போஸ்டில் ஒப்பந்தம் போட்டு மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குச் சலுகை உண்டு. அது உங்கள் தேவைக்கு மிஞ்சிய வேலை. முகவரி எழுதாத துண்டறிக்கைகளை ஒரு பகுதி முழுக்கக் கொடுக்கும் டைரக்ட் போஸ்ட் என்ற சேவையை அஞ்சல் துறை கொண்டுவந்தது. உங்கள் வாடிக்கையாளர்கள் ஊர் ஊராகச் சிதறியிருப்பதால் அதுவும் பொருந்தாது.

பக்கத்து வீட்டு ஆசிரியர் சொன்ன ஞான் போஸ்ட், 2025 மே 1-இல் தொடங்கிய புத்தகச் சேவை. பாடநூல், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கானது. வணிக விளம்பரப் புத்தகம் அதில் போகாது. போனாலும் லாபமில்லை, அதன் குறைந்தபட்சக் கட்டணமே 300 கிராம் வரை 20 ரூபாய்.

உங்கள் கொழுந்தனார் மகன் வாட்ஸ்அப் போதும், தபாலே வேண்டாம் என்கிறார். பாதி சரி. போனில் ஆர்டர் கொடுத்த 400 பேரில் பலர் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகக் கொண்டுசேர்க்கும் ஒளிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட்) போட்டு அனுப்பலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை, அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆனால் நோட்டில் உள்ள ஆயிரக்கணக்கான எண்களுக்கும் ஒரே நாளில் அனுப்பினால் கணக்கை முடக்கிவிடுவார்கள். அந்த எண்ணில்தான் உங்கள் ஆர்டர் எல்லாம் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். தவிர, நோட்டில் நான் பார்த்த கையெழுத்துகளில் பாதி முதியவர்களுடையவை. கடிதத்தைப் பிரித்துப் படித்து அலமாரியில் வைக்கிற தலைமுறை அது.

நான்காவது, 50 காசு அஞ்சலட்டை. இதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், இதில்தான் உங்களுக்கு நல்ல வழியும் இருக்கிறது. 50 காசு என்பது கையால் எழுதிய அட்டைக்கு. செய்தியை அச்சடித்தால் அது அச்சிட்ட அஞ்சலட்டை ஆகிவிடும், அதற்கு 6 ரூபாய். 20 கிராம் கடிதத்தைவிட 1 ரூபாய் அதிகம்! 50 காசு அட்டை ஆயிரக்கணக்கில் வாங்கி அச்சகத்தில் கொடுத்திருந்தால் அத்தனையும் கட்டணம் போதாத அட்டையாகப் போய் உங்கள் பெயரைக் கெடுத்திருக்கும். ரப்பர் ஸ்டாம்பு குத்தி அனுப்பும் எண்ணமும் வேண்டாம்.

ஆனால் கையால் எழுதலாமே. சிவப்பு வட்டம் போட்ட 400 பேருக்கு நாளைக்கு 20 அட்டை எழுதினால் 20 நாளில் முடிந்துவிடும். மொத்தத் தபால் செலவு 200 ரூபாய். ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவருக்குப் படமும் விலைப்பட்டியலும் எதற்கு? “அம்மா, போன வருடம் 2 கிலோ சுக்குக் கருப்பட்டி வாங்கினீர்கள். பொங்கலுக்குச் சரக்கு கட்டி வைத்திருக்கிறோம். வேண்டுமானால் இந்த எண்ணில் சொல்லுங்கள்” என்று அவர் பெயரோடு, அவர் வாங்கியதைச் சொல்லி எழுதினால் போதும். இவ்வளவு அட்டைகள் உங்கள் கிராமத் தபால் நிலையத்தில் கையிருப்பில் இருக்காது. பத்து நாள் முன்பே சொல்லிவையுங்கள், அல்லது ராமநாதபுரம் தலைமைத் தபால் நிலையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீக்க வேண்டிய ஒரு வரி

மாதிரிப் புத்தகத்தின் 3-ஆம் பக்கத்தில் “சர்க்கரை நோயாளிகளும் பயமின்றிச் சாப்பிடலாம்” என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஊரெல்லாம் சொல்கிற பேச்சுதான், நீங்கள் ஏமாற்ற எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கருப்பட்டியில் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். அதை நம்பி ஒருவர் அளவில்லாமல் சாப்பிட்டால் உடம்பு கெடும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன் 53-ஆம் பிரிவு, தவறான உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. வாய்ச்சொல்லாக இருந்தால் காற்றோடு போகும். அச்சிட்டுக் கையெழுத்தும் முகவரியும் போட்டு அனுப்பினால் அது உங்களுக்கு எதிரான சாட்சி.

அந்த இடத்தில், எந்த ஊர்ப் பனையிலிருந்து இறக்கிய பதநீர், எந்த மாதத்தில் காய்ச்சியது, சீனி கலக்காதது என்று நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியதை எழுதுங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் போடுங்கள். நோட்டில் பெங்களூரு, கேரள முகவரிகள் இருப்பதைப் பார்த்தேன். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பும்போது ஜிஎஸ்டி பதிவு பற்றிய விதி வேறு; அங்கெல்லாம் கடிதம் போகும் முன் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவாகிவிடுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு என்ன செய்யலாம்

400 பேருக்குக் கையெழுத்து அட்டை. அதோடு, டிக் போட்ட பெயர்களிலிருந்து 500 பேருக்கு மட்டும் இரண்டு தாள் கடிதம். நல்ல ஊர், நல்ல கையெழுத்து என்று பொறுக்காமல் வரிசையாக மூன்றாவது பெயர் மூன்றாவது பெயராக எடுங்கள்; அப்போதுதான் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது தெரியும். அச்சு 3, உறை 1, தபால் 5, ஓலை, பசை, மற்றவை 1 என்று ஒரு கடிதத்துக்கு 10 ரூபாய் வைத்தால் 5,000 ரூபாய் ஆகிறது. 1,000 பிரதியாக அடிப்பதால் அச்சகத்தில் முதலில் 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேரும். அந்தத் தாள் அடுத்த சுற்றுக்கு ஆகும். விலைப்பட்டியலின் மூலையில் ‘நோட்டு 7’ என்பது போல ஒரு குறி அடித்து, ஆர்டர் சொல்லும்போது அந்தக் குறியைச் சொன்னால் ஒரு சின்ன ஓலைப் பெட்டி இலவசம் என்று எழுதுங்கள். எந்தக் கடிதத்தால் எந்த ஆர்டர் வந்தது என்று எழுதிவைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

500 கடிதத்திலிருந்து 34 ஆர்டர் வந்தால் போட்டது திரும்பிவிட்டது. அதற்கு மேல் வந்தால் மிச்சமுள்ள டிக் பெயர்களுக்கும் அனுப்பலாம். 34-ஐத் தொடவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். நஷ்டம் சில ஆயிரத்தோடு போகும், நகை பெட்டியில் இருக்கும். உறையின் பின்புறம் உங்கள் முகவரியை மறக்காமல் எழுதுங்கள். திரும்பி வரும் ஒவ்வொரு உறையையும் வைத்து நோட்டில் அந்தப் பெயரை அடியுங்கள்.

பொங்கலுக்கு உங்களிடம் இருப்பது பரணில் வைத்த பழைய இருப்புதான் என்பதையும் யோசியுங்கள். மாசிக்கு மேல் பதநீர் இறங்கி, பங்குனி சித்திரையில் புதுக் கருப்பட்டி அடுக்கும்போது எழுதுவதற்கு உண்மையான செய்தி ஒன்று கிடைக்கிறது. பெரிய சுற்றை அப்போது வையுங்கள். அந்த மாதங்களில் மழை ஈரமும் இல்லை, தாளும் காய்ந்திருக்கும். இடைப்பட்ட காலத்தில் கூரியரில் போகிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு விலைப்பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள். அதற்குத் தபால் செலவே இல்லை, அது பக்கத்து வீட்டுக்காரர் கைக்கும் போகும்.

கடைசிப் பக்கத்தில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் உதவத் தயாராக இருக்கிறாள், ஆனால் கையெழுத்து கோணல் என்று தயங்கி எழுதியிருந்தீர்கள். தயங்க வேண்டாம். செய்தி கோணலாக இருந்தாலும் படித்துவிடுவார்கள். பின்கோட்டின் ஆறு எண்களை மட்டும் கட்டத்துக்கு ஒன்றாக, 1-ம் 7-ம் குழம்பாமல் எழுதச் சொல்லுங்கள்.